கணுக்கால் பிசகினால் டேப்: வாலிபால், கபடி, கால்பந்து ஆடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

வாலிபாலில் குதித்து இறங்கும்போது வலைக்கு அடியில் எதிராளியின் பாதத்தை மிதித்துவிடுவது, கால்பந்தில் மேடுபள்ளத்தில் கால் வைப்பது, கபடியில் கணுக்காலைப் பிடித்தவரிடமிருந்து திமிறிக் கோட்டுக்குப் பாய்வது: கால் பிசகும் கதை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பாதம் உள்பக்கமாக மடங்கும், வெளிப்பக்க ஜவ்வு கிழியும். அதற்கு அடுத்த வாரமே "டேப் போட்டால் ஆடலாமா?" என்ற கேள்வி வந்துவிடும். டேப் என்றால் மூட்டைச் சுற்றி ஒட்டும் பசைப் பட்டை. இங்கே கணுக்காலைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். விரலும் முட்டியும் குதிகாலும் பின்னால் சுருக்கமாக வருகின்றன.

டேப் ஒட்டினால் காயம் சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. கிழிந்த ஜவ்வு, அதாவது லிகமென்ட், தன் வேகத்தில்தான் ஆறும். கால் எந்தப் பக்கம் மடங்கிக் காயம்பட்டதோ, அந்தப் பக்கம் மறுபடி முழுசாக மடங்காமல் தடுப்பது மட்டும்தான் டேப்பின் வேலை. மருந்துக்கடையில் கேட்பவர்கள் பலர் இதை ஒரு சிகிச்சையாக நினைத்து வாங்குகிறார்கள். ஆறிக்கொண்டிருக்கும் காலோடு மைதானத்துக்குத் திரும்புகிறவருக்கு ஒரு காவல் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

அந்தக் காவலும் நெடுநேரம் நிற்காது. 1962-லேயே அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 10 நிமிடம் கடுமையாக ஓடியாடியதும் டேப்பின் பிடிமானத்தில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. ஆனாலும் 1973-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய மாணவர்களைப் பார்த்த ஆய்வில், டேப் போட்டவர்களுக்குக் கால் பிசகியது குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை பிசகியவர்களுக்குத்தான் அதில் அதிக லாபம். பிடிமானம் தளர்ந்த பிறகும் எப்படிப் பயன்படுகிறது? பட்டை தோலை இழுப்பதால் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு கூடுகிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கால் கோணலாக இறங்கும் முதல் நொடியில் கொஞ்சம் தடை இருந்தாலே போதும் என்பது எனக்கு அதைவிட நம்பும்படி இருக்கிறது.

பிசகிய உடனே டேப்பைச் சுற்றிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடலாமா?

வேண்டாம். எத்தனை முக்கியமான ஆட்டமாக இருந்தாலும் வேண்டாம். அடிபட்ட கால் அடுத்த சில மணி நேரம் வீங்கிக்கொண்டே போகும். வெள்ளை டேப்போ துளிக்கூட விரியாது. இறுக்கமாகச் சுற்றிய டேப்புக்குள் கால் வீங்கினால் ரத்த ஓட்டமே தடைப்படலாம். போதாக்குறைக்கு, உள்ளே இருப்பது சுளுக்கா முறிவா என்று அந்த நேரத்தில் மைதானத்தில் நிற்கும் யாருக்கும் தெரியாது.

சுளுக்கா, எலும்பு முறிவா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு உலகம் முழுக்க மருத்துவமனைகளில் பின்பற்றும் ஒரு சோதனை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் ஒட்டாவா நகரில் உருவானது என்பதால் ஒட்டாவா விதிகள் என்பார்கள். பிசகிய எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்ததைக் குறைக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள்.

கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைப் பாருங்கள். அதன் நுனியையும், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின் விளிம்பையும் விரலால் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே வந்தால் பாதி வழியில் ஒரு புடைப்பு தட்டுப்படும். உள்பக்கம், கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் ஒரு மேடு இருக்கும். இந்த இரண்டு இடத்தில் எங்கே வலித்தாலும் எக்ஸ்ரேதான். கடைசியாக நடை. அடிபட்ட உடனேயும் சரி, பிறகு மருத்துவரிடம் போனபோதும் சரி, நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

இதில் ஒன்றும் இல்லை என்றால் முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களிடமும் குடித்திருப்பவர்களிடமும் இந்தச் சோதனையை நம்ப முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு வலி சரியாகத் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதி ஜவ்வைவிட மெலிவானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிகிற அடி அவர்களுக்கு அந்த இடத்தில் முறிவாகலாம். பிள்ளைகளை மருத்துவரிடமே காட்டிவிடுங்கள்.

எண்ணெய் போட்டு நீவி விடலாமா? கட்டுப் போடும் வைத்தியரிடம் போகலாமா?

எண்ணெய் தடவுவதால் ஒன்றும் ஆகாது. முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவுவதும், "சுளுக்கு எடுக்கிறேன்" என்று காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதும்தான் ஆபத்து. உள்ளே ரத்தக் கசிவு நிற்காத நேரம் அது. நீவினால் வீக்கம் கூடும். முறிவு இருந்தால் எலும்பு விலகவும் கூடும். வெந்நீர் ஒத்தடத்துக்கும் அந்த மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

புத்தூர் கட்டு மாதிரியான இடங்களுக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். அதனால் இதை மட்டும் சொல்கிறேன்: முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமாகவோ, சில்லென்றோ, மரத்தோ போனால் "அடுத்த கட்டு வரைக்கும் அவிழ்க்கக் கூடாது" என்று யார் சொல்லியிருந்தாலும் அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, முதல் சில நாள் என்னதான் செய்வது?

டேப் வேண்டாம், கிரேப் பேண்டேஜ் போதும். விரல்களுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கிக் கெண்டைக்கால் பக்கம் போகப் போக இறுக்கத்தைக் குறைத்துக்கொண்டே சுற்றுங்கள். மேலே இறுக்கிக் கீழே தளர விட்டால் வீக்கம் பாதத்தில் தேங்கும். படுக்கும்போது காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பேண்டேஜைத் தளர்த்திவிடுங்கள்.

ஐஸ் பற்றி ஒரு பழைய விவாதம் இருக்கிறது. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற நாலு படி முறையை 1978-ல் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பதில் தவறில்லை. ஐஸ் வைத்தால்தான் ஆறும் என்று மணிக்கொரு தரம் வைக்க வேண்டியதில்லை. வலி விடுகிற அளவுக்கு இரண்டாம் மூன்றாம் நாளிலேயே மெல்ல நடக்கத் தொடங்குங்கள். காலை அசைக்காமல் பத்து நாள் படுத்திருந்தவர்களுக்குத்தான் பிறகு மூட்டு இறுகிப்போய்த் தொல்லை கொடுக்கும்.

எந்த டேப் வாங்குவது?

கடையில் "ஸ்போர்ட்ஸ் டேப்" என்று மட்டும் கேட்டால் நாலு விதத்தை எடுத்துப் போடுவார்கள்.

கணுக்காலுக்கு வேண்டியது விரியாத வெள்ளைப் பருத்தி டேப். ஜிங்க் ஆக்சைடு டேப் என்றும் ரிஜிட் டேப் என்றும் சொல்வார்கள். 38 மி.மீ. அகலம் பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும். சிறிய பாதத்துக்கும் விரலுக்கும் 25 மி.மீ. அல்லது இன்னும் குறுகலானது. கையால் கிழிக்க வர வேண்டும். நல்ல டேப்புக்கு அது ஓர் அடையாளம்.

அடுத்தது இழுபடும் ஒட்டுப் பேண்டேஜ், டைனாபிளாஸ்ட் வகை. தொடை, கெண்டைக்கால் மாதிரி தசை விரிந்து சுருங்கும் இடத்துக்கு அது ஏற்றது. மூன்றாவது, தோலுக்கும் டேப்புக்கும் நடுவே சுற்றும் மெல்லிய பஞ்சு நுரைப் பட்டை, அண்டர்ராப். நாலாவது, நீலமும் இளஞ்சிவப்புமாக வரும் கலர் டேப். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

மைக்ரோபோர் என்று கேட்டு வாங்கும் காகித டேப் புண்ணுக்கு வைத்த பஞ்சை ஒட்டத்தான். அதைச் சுற்றிக்கொண்டு ஆடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வியர்வையிலேயே அது கழன்றுவிடும்.

கணுக்காலுக்கு எப்படி ஒட்டுவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். ஆனால் முதல் முறை ஒரு பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) ஒட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இழுப்பின் அளவை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

முதலில் தோல். கழுவித் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, வலி போக்கும் களிம்பு எதுவும் இருக்கக் கூடாது. முடி அதிகம் இருந்தால் முந்தைய நாளே மழித்துவிடுங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் மழித்தால் அந்தக் கீறல்களில் பசை எரியும். வியர்வை அதிகம் வருபவர்கள் டிங்ச்சர் பென்சாயின் என்ற பிசின் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவிக்கொண்டால் பிடிப்பு நீடிக்கும். குதிகாலுக்கு மேலே பின்பக்க நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) உரசும் இடத்திலும், முன்பக்கம் கணுக்கால் மடியும் இடத்திலும் துளி வாசலின் தடவிய பஞ்சுத் துண்டை வையுங்கள். கொப்புளம் வருவது எப்போதும் இந்த இரண்டு இடத்தில்தான்.

ஆட்டக்காரர் மேசையில் காலை நீட்டி உட்கார, பாதம் மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். பாதம் செங்கோணத்தில், கட்டைவிரல் மேலே பார்க்க நிமிர்ந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்தைச் சற்றே மேலே தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதம் தொங்கிய நிலையில் டேப் ஒட்டினால் மொத்த வேலையும் வீண். பாதி வழியில் எல்லாருமே பாதத்தைத் தொங்கவிடுவார்கள், அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அண்டர்ராப் ஒரு சுற்றுச் சுற்றியதும், நங்கூரப் பட்டைகள். கெண்டைக்கால் சதை முடியும் இடத்துக்குக் கீழே இரண்டு, பாதத்தின் நடுவில் ஒன்று. மேல் பட்டையில் பாதியாவது நேராகத் தோலில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து நழுவும். இந்தப் பட்டைகளை இழுக்காமல், சும்மா படிய வையுங்கள். பாதப் பட்டை முக்கியமாகத் தளர்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் எழுந்து நின்றதும் பாதம் அகலும்.

அடுத்து லாடப் பட்டை. ஒட்டும் வேலையின் உயிர் இதுதான். உள்பக்கம் மேல் நங்கூரத்தில் தொடங்கி, உள் கணுக்கால் எலும்பின் மேல் இறங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கம் இழுத்து மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். உள்ளிருந்து வெளியே என்ற திசை மாறவே கூடாது. மாறினால் கால் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கமே இழுத்துக் கட்டியதாகிவிடும். இப்படி மூன்று பட்டை, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி.

பிறகு குதிகால் பூட்டு. குதிகாலுக்குப் பின்னால் சுற்றி வந்து, வெளிப்பக்கக் குதிகால் ஓரமாகச் சரிந்து இறங்கி, அடியில் புகுந்து, உள்பக்கமாக முன் மடிப்புக்கு ஏறும் பட்டை ஒன்று. அதையே எதிர்த்திசையில் இன்னொன்று. இது குதிகால் எலும்பு ஆடாமல் பிடிக்கும். அதன்மேல் எட்டு வடிவில் ஒரு சுற்று. கடைசியாக இடைவெளி தெரியும் இடங்களைச் சிறு துண்டுகளால் கீழிருந்து மேலாக மூடுங்கள். ஒரே நீளமாகச் சுற்றிக்கொண்டே போகாதீர்கள், ஒவ்வொரு சுற்றையும் கிழித்து ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்த இடத்தைத் தடவிச் சரிசெய்ய முடியாது, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

இறுக்கம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்தது இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிறகு எழுந்து நடந்து, மெதுவாகக் குதித்துப் பாருங்கள். விரலில் ஊசி குத்துவது, மரப்பது, சில்லிடுவது, பாதத்தின் வெளி ஓரத்தில் கவ்வுவது, இதில் ஒன்று இருந்தாலும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். "ஆடினால் தளர்ந்துவிடும்" என்பது சமாதானம்தான்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? எப்படிக் கழற்றுவது?

வெள்ளை டேப் அந்த ஆட்டத்துக்கு, அல்லது அந்தப் பயிற்சிக்கு மட்டும். முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அதோடு தூங்கவே கூடாது. நீண்ட ஆட்டமாக இருந்தால் இடைவேளையில் மேலே இரண்டு லாடப் பட்டையும் ஒரு குதிகால் பூட்டும் கூடுதலாகப் போடலாம்.

கழற்றும்போது முனை மழுங்கிய பேண்டேஜ் கத்தரியால், கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தின் வழியாக வெட்டுங்கள். எலும்பின் மேல் வெட்டினால் தோல் மாட்டும். பிறகு ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பைத் தோலோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரியுங்கள். வீரமாக ஒரே இழுப்பில் பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும். ஒட்டிக்கொண்ட பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும், பத்து நிமிடத்தில் இளகிவிடும்.

டேப் போட்ட இடம் அரித்துத் தடித்துவிட்டது. என்ன செய்வது?

பெரும்பாலும் பசையில் உள்ள ரப்பரோ குங்கிலியம் வகைப் பிசினோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அந்த டேப்பை மறுபடி தொடாதீர்கள். ஒவ்வாமை குறைந்த வகை தனியாகக் கிடைக்கிறது. அதையும் முன்னங்கையின் உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டி ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நம் ஊர் வெயிலில் வெறும் வியர்வையே டேப்புக்கு அடியில் வேர்க்குரு மாதிரி கிளப்பும். கழற்றி, கழுவி, காற்றாட விட்டால் அது அடங்கும். கொப்புளம், வெடிப்பு, புண் இருக்கும் தோலில் டேப் ஒட்டக் கூடாது.

டிவியில் வீரர்கள் ஒட்டிக்கொண்டு வரும் கலர் டேப் உண்மையில் வேலை செய்கிறதா?

சொல்லப்படும் அளவுக்கு இல்லை. கினிசியோ டேப் என்ற இதை 1970-களில் உருவாக்கியவர் ஜப்பானின் கென்சோ காசே. தோலைப் போலவே இழுபடும் பருத்திப் பட்டை, அலை அலையான பசை. தோலைச் சற்றே தூக்கி, அடியில் ரத்தமும் நிணநீரும் ஓட இடம் விடுகிறது என்பது அவர் தரப்பு விளக்கம். உலகம் இதைக் கவனித்தது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில் சிலந்தி மாதிரி ஒட்டியிருந்தபோது. 2012 யூரோ கால்பந்து அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கோல் அடித்துச் சட்டையைக் கழற்றி நின்ற இத்தாலி வீரர் பாலோட்டெல்லியின் முதுகில் நீலப் பட்டைகள் தெரிந்த படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுகள் அவ்வளவு கவர்ச்சியாக இல்லை. 2014-ல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் முதுகுவலிக்காரர்கள் 148 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறைப்படி இழுத்துத் தோல் சுருங்கும்படி ஒட்டினார்கள், மற்றவர்களுக்குச் சும்மா ஒட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே பலன்தான். அப்படியென்றால் தோலைத் தூக்குகிறது என்ற விளக்கம் எங்கே போகிறது? அமெரிக்காவில் இந்த வகை டேப் விற்கும் கேடி டேப் நிறுவனத்தின் மீது வாங்கியவர்கள் வழக்குப் போட, அது 17.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதற்காக ஒட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தோலில் ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதே சிலருக்கு வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கிறது. மூன்று நான்கு நாள் வரை ஒட்டி நிற்கும், குளிக்கலாம், கெடுதல் குறைவு. ஆனால் பிசகிய கணுக்காலை அது மடங்காமல் பிடிக்காது. இழுபடும் பட்டை எப்படிப் பிடிக்கும்? அந்த வேலைக்கு வெள்ளை டேப்தான்.

டேப்பா, பிரேஸா?

பெரும்பாலானவர்களுக்கு பிரேஸ், அதாவது கணுக்காலில் மாட்டிக் கட்டும் தாங்கி. காசு, நேரம், யார் ஒட்டுவது என்ற மூன்று பிரச்சினையும் அதில் இல்லை. ஒரு சீசன் முழுக்க டேப் வாங்கினால் நல்ல பிரேஸ் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். தளர்ந்தால் ஆட்டத்தின் நடுவிலேயே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 1,460 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. கயிறு கட்டும் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் தெளிவாகக் குறைந்தது. காயம் பட்டவர்களுக்கு அதன் தீவிரம் மட்டும் குறையவில்லை.

கவனிக்க: நான் சொல்வது கயிறோ பக்கத் தகடோ உள்ள பிரேஸ். இழுத்து மாட்டும் துணி ஆங்க்லெட்டைச் சொல்லவில்லை. அது சூடு கொடுக்கும், தைரியம் கொடுக்கும், பிடிக்காது. டேப் எப்போது மேல் என்றால், பிரேஸ் ஷூவுக்குள் நுழையாதபோது, பாதத்தின் வடிவம் வழக்கத்துக்கு மாறாக இருக்கும்போது, ஒட்டத் தெரிந்த பிசியோ அணியிலேயே இருக்கும்போது.

டேப், பிரேஸ் இரண்டும் போட்டுப் பழகினால் கால் பலவீனமாகிவிடாதா?

ஆடும்போது மட்டும் போடுவதால் தசை பலவீனமாகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. உண்மையான பலவீனம் டேப்பை நம்பிப் பயிற்சியை விட்டுவிடுவதால் வருகிறது.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடி நிற்பது, மடித்த தலையணை மேல் நிற்பது, நின்றபடி பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 ஆட்டக்காரர்களில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு இந்த மாதிரி வீட்டுப் பயிற்சியை 8 வாரம் கொடுத்தார்கள். அடுத்த ஓராண்டில் மறுபடி பிசகும் ஆபத்து அவர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 2009-ல் வந்தது. அதே நாட்டில் 2014-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஓராண்டு முழுக்க பிரேஸ் போட்டு ஆடியவர்களுக்கு, 8 வாரப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மறுபிசகு குறைவாக இருந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்து சொல்வது இதுதான்: முதல் ஓராண்டு ஆடும்போதெல்லாம் டேப்போ பிரேஸோ இருக்கட்டும், வீட்டில் ஒற்றைக்காலில் நிற்பதையும் விடாதீர்கள். பல் தேய்க்கும் நேரத்தில் நின்றால்கூடப் போதும்.

எப்போது திரும்ப ஆட வரலாம்?

ஜவ்வு இழுபட்டது மட்டும் என்றால் ஒன்றிரண்டு வாரம். பாதி கிழிந்தால் மூன்று முதல் ஆறு வாரம். முழுதாக அறுந்தால் மாதக்கணக்கு. ஆனால் நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலைக் கேளுங்கள். டேப் இல்லாமல், வலி இல்லாமல் நேராக ஓட முடிகிறதா? வளைந்து வளைந்து ஓட முடிகிறதா? அடிபட்ட காலால் குதிக்கும் தூரம் நல்ல காலுக்கு ஏறக்குறைய ஈடாக இருக்கிறதா? இதெல்லாம் தேறிய பிறகு, டேப் போட்டுக்கொண்டு ஆட வாருங்கள். டேப் போட்டால்தான் ஓட முடிகிறது என்கிறவர் இன்னும் தயாராகவில்லை.

மண் தரையில் வெறுங்காலோடு கபடி ஆடுகிறோம். அடிப்பாதத்தில் டேப் வழுக்காதா?

வழுக்கும். குதிகாலுக்கு அடியில் போகும் பட்டைகளைத் தவிர்க்க முடியாது. ஆனால் முன்பாதத்துக்கு அடியில் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளலாம், பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. மண்ணில் புரண்டால் ஓரங்கள் சீக்கிரம் பிரியும் என்பதால் மேலே ஒரு சுற்று இழுபடும் ஒட்டுப் பேண்டேஜ் போட்டு மூடுங்கள். மேட் (விரிப்பு) மீது ஷூ போட்டு ஆடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

விரல், முட்டி, குதிகாலுக்கு?

பந்து மோதி விரல் வீங்கினால், பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டலாம். நடுவில் கொஞ்சம் பஞ்சு வையுங்கள், மூட்டின் மேல் ஒட்டாமல் மேலும் கீழும் ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விரல் நுனி கீழே தொங்கி, தானாக நிமிர்த்த வரவில்லை என்றால் அது நாண் அறுந்த காயம். பக்கத்து விரலோடு ஒட்டினால் தேறாது. நுனியை நிமிர்த்திய நிலையில் ஸ்பிளின்ட் (அசையாமல் பிடிக்கும் தகடு) போட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் ஒரு முறைகூட மடக்காமல் வைக்க வேண்டும். விக்கெட் கீப்பர்களும் வாலிபால்காரர்களும் இதை "சும்மா மடங்கியது" என்று விட்டுவிட்டு, வளைந்த விரலோடு காலம் தள்ளுகிறார்கள்.

முட்டிச் சில்லைச் சுற்றி வலிப்பவர்களுக்கு, சில்லை உள்பக்கம் மெல்லத் தள்ளி ஒட்டும் முறையை ஆஸ்திரேலிய பிசியோ ஜென்னி மெக்கானல் 1986-ல் வெளியிட்டார். வலியைக் குறைத்துத் தொடைப் பயிற்சி செய்ய விடும், அந்த அளவுக்கு நல்லது. காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலிக்குப் பாத வளைவைத் தாங்கி ஒட்டினால் சில நாள் நிம்மதி கிடைக்கும்.

எந்தக் காயத்துக்கு டேப்பையே எடுக்கக் கூடாது?

"டப்" என்ற சத்தத்தோடு முட்டி திரும்பி உடனே வீங்கினால். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் குதிகால் நாண் வெடுக்கென்று விட்டுப்போய், நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால். தோள் மூட்டு நழுவினால். மூட்டின் வடிவமே மாறியிருந்தால். இதெல்லாம் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. தொடைப் பின்தசை பிடித்தால் டேப்பால் பெரிய உதவி கிடையாது, ஓய்வும் படிப்படியான பயிற்சியும்தான். கால் மரத்த சர்க்கரை நோயாளிகள் தாங்களாகவே இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளக் கூடாது.

ஆட்ட விதிகளில் டேப்புக்குத் தடை உண்டா?

கால்பந்தில் காலுறைக்கு மேல் ஒட்டும் டேப் அந்த இடத்துக் காலுறையின் நிறத்திலேயே இருக்க வேண்டும். மோதிரத்தையோ தோட்டையோ டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடக் கூடாது, கழற்றித்தான் ஆக வேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீசும் கையில் எதை ஒட்டினாலும், தடவினாலும் முதலில் நடுவரிடம் கேட்டுவிடுங்கள். 2023 பிப்ரவரியில் நாக்பூர் டெஸ்டில், விரல் வீக்கத்துக்கு நடுவரைக் கேட்காமல் களிம்பு தடவியதற்கே ரவீந்திர ஜடேஜாவுக்கு ஆட்ட ஊதியத்தில் 25 சதவீதம் அபராதம் விழுந்தது.

மீந்த சுருளை எப்படி வைப்பது?

பைக் பெட்டியிலும் காரிலும் வைக்காதீர்கள். வெயிலில் பசை இளகி ஓரமெல்லாம் பிசுபிசுத்துவிடும், பிறகு உரித்தால் நார் நாராகத்தான் வரும். மூடிய டப்பாவில், நிழலில், படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒட்டும்போதே சுருள் கிழியாமல் சீராகப் பிரியவில்லை என்றால் அது பழசு. ஆட்டத்தன்று அதை எடுத்துப் போகாதீர்கள்.